தனி வெளிப்பாடுகளும் செப வாக்குறுதிகளும்: தமிழ்க் கத்தோலிக்க மரபை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஊர் நிபோங் திபால். 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருள் கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்கள் தம்முடன் செபமாலையையும், உத்தரியத்தையும், நவநாள் வழக்கத்தையும், தாம் வணங்கிய புனிதர்களின் பெயர்களையும் கொண்டுவந்தனர். இவ்வூர் ஆலயம் பதுவை நகர்ப் புனித அந்தோணியாரின் பெயரால் அமைந்திருப்பது அம்மரபின் தொடர்ச்சியை உணர்த்துகிறது. வடக்கே புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் சூலை 26ஆம் நாளை ஒட்டித் திரளும் கூட்டத்தில் பிற சமயத்தாரும் கலந்திருப்பது யாவரும் அறிந்ததே.

இத்தகைய பக்தி வாழ்வின் ஊடாக ஒரு வினா தொடர்ந்து எழுந்து வருகிறது. இன்ன செபத்தை இத்தனை நாள் சொன்னால் இன்ன பயன் தவறாமல் கிட்டும் என்று அச்சிட்ட துண்டுத்தாள்கள் முன்பு ஆலய இருக்கைகளில் கிடந்தன. இன்று அவை புலனச் செய்திகளாக வலம் வருகின்றன. இயேசுவோ, மரியாவோ, ஒரு புனிதரோ யாரோ ஒருவருக்குக் காட்சி தந்து அளித்த வாக்குறுதி என்னும் முத்திரையோடு அவை வருவதால், ஐயுறுவது பாவமோ என்னும் அச்சமும் எளிய மக்களிடம் எழுகிறது. இவற்றைக் கத்தோலிக்கர் எவ்வாறு கருதுதல் வேண்டும்? இது குறித்துத் திருச்சபையின் போதனை யாது? தமிழ் இலக்கியம் கற்பிப்போருக்கு இதனால் விளையும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது வெளிப்பாடும் தனி வெளிப்பாடும்

கத்தோலிக்க இறையியல் வெளிப்பாட்டை இருவகையாகப் பகுக்கிறது. விவிலியத்திலும் திருத்தூதர் மரபிலும் அடங்கி, கிறிஸ்துவில் நிறைவு பெற்றது பொது வெளிப்பாடு. இதன்பின் புதிய பொது வெளிப்பாடு எதனையும் எதிர்பார்ப்பதற்கு இல்லை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 4ஆம் எண்ணில் தெளிவுறுத்தியது. திருத்தூதர் காலத்துக்குப் பின்னர்த் தனிமனிதர் பெற்றதாகக் கூறப்படும் காட்சிகளும் செய்திகளும் தனி வெளிப்பாடு எனப்படும்.

‘தனி’ என்னும் அடைமொழியைத் தமிழில் பிறழ உணர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. ஒருவர் தனித்திருந்து கண்டது என்பதோ, மறைவாக வைக்கப்பட்டது என்பதோ அதன் பொருளன்று. ஆயிரக்கணக்கானோர் கூடிய பாத்திமா நிகழ்ச்சியும் தனி வெளிப்பாடே. அனைவரையும் கட்டுப்படுத்தும் விசுவாசக் களஞ்சியத்தில் சேராதது என்பதே இச்சொல் உணர்த்தும் எல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 67ஆம் எண்ணில் இதனை விளக்குகிறது. தனி வெளிப்பாடுகளுள் சிலவற்றைத் திருச்சபை ஏற்றுள்ளது. ஆயினும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டைத் திருத்துவதோ நிறைவாக்குவதோ அவற்றின் பணியன்று. குறித்த ஒரு காலச்சூழலில் அவ்வெளிப்பாட்டை மேலும் முழுமையாக வாழத் துணை செய்வதே அவற்றின் பணி என்பது அதன் சாரம்.

ஏற்பின் தன்மையும் இதற்கேற்ப வேறுபடுகிறது. பிற்காலத்தில் 14ஆம் பெனடிக்ட் எனத் திருத்தந்தையான புரோஸ்பரோ லம்பெர்த்தினி, புனிதர் பட்டம் வழங்கும் முறை குறித்து 1734க்கும் 1738க்கும் இடையில் வெளியிட்ட பெருநூலில் இவ்வேறுபாட்டை வகுத்துரைத்தார். திருச்சபை ஏற்ற தனி வெளிப்பாட்டுக்கும் இறை விசுவாசத்தின் ஏற்பைத் தருதல் இயலாது; விவேகத்தின் நெறிப்படி மனித நம்பிக்கையின் ஏற்பையே தரலாம் என்றார் அவர். தக்க காரணத்தோடும் பணிவோடும் அதனை ஏற்காதிருப்பவர் கத்தோலிக்க விசுவாசத்திலிருந்து வழுவியவர் ஆகார் என்பது இதனால் பெறப்படும். பாத்திமாச் செய்தியின் மூன்றாம் பகுதி 2000ஆம் ஆண்டு சூன் மாதம் வெளியிடப்பட்டபோது கர்தினால் இராட்சிங்கர் எழுதிய விளக்கவுரையும், அவர் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆனபின் 2010இல் வெளியிட்ட ஆண்டவரின் வார்த்தை பற்றிய திருத்தூது ஊக்கவுரையும் இதே நிலைப்பாட்டையே கொண்டுள்ளன. தனி வெளிப்பாடு ஓர் உதவி. அதனைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்னும் கடப்பாடு எவருக்கும் இல்லை.

பழந்தமிழ்க் கிறித்தவ உரைநடையில் ‘விசுவாசம்’, ‘நம்பிக்கை’ ஆகிய இரு சொற்களும் வெவ்வேறு பொருளில் ஆளப்பட்டன. இறைவன் வெளிப்படுத்தியதற்குத் தரும் ஏற்பு விசுவாசம். இறைவன் அருளுவான் என்னும் எதிர்நோக்கு நம்பிக்கை. அண்மைக்கால மொழிபெயர்ப்புகளில் இவ்விரண்டும் ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கும் போக்கு காணப்படுகிறது. இறை விசுவாசம், மனித நம்பிக்கை என்னும் வேறுபாட்டைத் தமிழில் விளக்கப் புகும் ஆசிரியர் பழைய சொல்லாட்சியை நினைவூட்டுவது பயன்தரும்.

தேம்பாவணி தரும் சான்று

தனி வெளிப்பாடு தமிழிலக்கியத்துக்குப் புறம்பான பொருளன்று. வீரமாமுனிவர் (1680-1747) 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணி, புனித சூசையப்பரை வளன் எனத் தமிழ்ப்படுத்திக் காப்பியத் தலைவராக்கிய நூல். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 விருத்தங்களும் கொண்டது. நற்செய்தி நூல்கள் சூசையப்பரைப் பற்றிக் கூறுவன மிகச் சில. அவர் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே இல்லை. அவ்வாறிருக்க, இத்துணை விரிவான வாழ்க்கைக் கதை முனிவருக்கு எங்கிருந்து கிடைத்தது?

ஸ்பெயின் நாட்டு ஆகிரேதா நகரின் கன்னியர் மடத்துத் தலைவி மரியா (1602-1665) எழுதிய ‘இறைவனின் மறைபொருள் நகர்’ என்னும் நூல் தேம்பாவணியின் முதன்மையான மூலங்களுள் ஒன்று என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மரியன்னையே தம் வாழ்க்கை வரலாற்றை அம்மடத்தலைவிக்கு உரைத்ததாக அந்நூல் கூறிக்கொள்கிறது. 1670இல் அது அச்சேறியது. உரோமைத் திருஆட்சிப்பீடம் 1681இல் அதனைத் தடைசெய்து, சில மாதங்களிலேயே அத்தடையை நிறுத்தி வைத்தது. பாரிசின் சோர்போன் இறையியலார் 1696இல் அதனைக் கண்டித்தனர். ஸ்பெயின் நாட்டிலோ அது பெருமதிப்புடன் பயிலப்பட்டது. அதன் ஆசிரியை வணக்கத்துக்குரியவர் என்னும் நிலையிலேயே இன்றளவும் உள்ளார். அருளாளர் பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை.

ஐரோப்பாவில் கடும் வழக்குக்கு உள்ளான ஒரு தனி வெளிப்பாட்டு நூல், முப்பது ஆண்டுகளுக்குள் தமிழில் ஒரு பெருங்காப்பியத்துக்கு ஊற்றாயிற்று. இதனால் காப்பியத்தின் தகுதி குறைவதாகக் கொள்ள வேண்டியதில்லை. முனிவர் படைத்தது காப்பியம். விசுவாசக் கோட்பாட்டு நூலன்று. நாட்டு வளமும் நகர வளமும் அமைத்து, தமிழ்க் காப்பிய மரபுக்கேற்பக் கதையை அவர் வளர்த்தார். ஆனால் தேம்பாவணியில் வரும் நிகழ்ச்சி ஒன்றை ‘விவிலியம் கூறுவது’ என்று மாணவர்க்குக் கற்பித்தல் பிழையாகும். விவிலியச் செய்தி, திருச்சபை மரபு, ஆகிரேதா மரியாவின் காட்சி, முனிவரின் கற்பனை என்னும் நான்கு அடுக்குகளை வேறுபடுத்திக் காட்டுதல் ஆசிரியர் கடமை. தனி வெளிப்பாட்டை அணுகுவதற்குத் திருச்சபை காட்டும் நெறியும் இத்தகைய வேறுபடுத்தலே ஆகும்.

திருச்சபை ஆராயும் முறை

காட்சி ஒன்று நிகழ்ந்ததாகச் செய்தி பரவினால் அதனை ஆராயும் முதற்பொறுப்பு அந்த மறைமாவட்ட ஆயருடையது. 1858இல் லூர்து நகரில் நிகழ்ந்த காட்சிகளை ஏற்று அப்பகுதி ஆயர் அறிக்கை வெளியிட்டது 1862இல்தான். நான்காண்டு ஆராய்ச்சி இடையில் நிகழ்ந்தது. இதற்கான பொது நெறிமுறைகள் 1978இல் வகுக்கப்பட்டு ஆயர்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டன. விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2024 மே 17 அன்று புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. மே 19 அன்று அவை நடைமுறைக்கு வந்தன.

புதிய நெறிமுறைகளின்படி, ஒரு நிகழ்ச்சி இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று உறுதிபட அறிவிப்பது இனி வழக்கமாக இராது. தடை இல்லை என்பது முதல், இயற்கைக்கு அப்பாற்பட்டது அன்று என்னும் அறிவிப்பு ஈறாக ஆறு வகை முடிவுகள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயர் தம் முடிவை வெளியிடுமுன் உரோமைத் துறையின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். இவற்றுள் மிக உயர்ந்ததான ‘தடை இல்லை’ என்னும் முடிவும் நிகழ்ச்சியின் உண்மைக்கு உறுதிமொழி அன்று. அங்கே நல்ல ஆன்மிகக் கனிகள் காணப்படுகின்றன, விசுவாசிகள் விவேகத்தோடு அதில் பங்கேற்கலாம் என்னும் இசைவே அது. 2024 செப்டம்பரில் மெட்ஜுகோரியே குறித்து வெளியான முடிவு இவ்வகையினதே.

தமிழர்க்கு நெருக்கமான சான்று வேளாங்கண்ணி. பால் கொண்டுசென்ற சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் ஆகிய மூன்று நிகழ்ச்சிகளும் வாய்மொழி மரபாக வழங்கி வருவன. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அவ்வாலயத்தைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். 2024 ஆகஸ்டில் விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் பெர்னாண்டசு தஞ்சை ஆயருக்கு எழுதிய மடல், அத்திருத்தலத்தில் விளையும் ஆன்மிகக் கனிகளைப் போற்றி, கிறித்தவர் அல்லாதோரும் அங்கு ஆறுதல் பெறுவதைப் பாராட்டியது. திருத்தல பக்தியை ஏற்பதும், மரபுக் கதையின் ஒவ்வொரு கூற்றையும் வரலாற்று உண்மையென உறுதிசெய்வதும் இருவேறு செயல்கள் என்பதை இங்குக் காணலாம்.

மலேசியாவிலும் இத்தகைய நிகழ்ச்சி நேர்ந்ததுண்டு. 2012 நவம்பரில் சுபாங் ஜெயாவில் ஒரு மருத்துவமனைச் சன்னல் கண்ணாடியில் மரியன்னையின் உருவம் தெரிவதாகச் செய்தி பரவியபோது திரளான மக்கள் அங்குக் கூடிச் செபித்தனர். கூடிச் செபித்தது நற்செயலே. எனினும் கண்ணாடியில் தெரிந்தது யாது என்னும் வினா, செபித்தோரின் எண்ணிக்கையால் விடை பெறுவதன்று.

செப வாக்குறுதிகள்: மூன்று சான்றுகள்

காட்சியைவிடச் சிக்கலானது அதனோடு இணைத்துப் பரப்பப்படும் வாக்குறுதி. மூன்று சான்றுகளை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, இயேசுவின் திரு இருதய பக்தி. பிரான்சு நாட்டுப் பரே-லெ-மொனியால் மடத்துக் கன்னியர் புனித மார்கரீத் மரியாவுக்கு (1647-1690) அருளப்பட்டதாகக் கூறும் 12 வாக்குறுதிகள் தமிழ்க் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் படச்சட்டத்தினுள் தொங்கக் காணலாம். இப்பட்டியல் அவர் எழுதிய வடிவம் அன்று. அவருடைய மடல்களில் சிதறிக் கிடந்த கூற்றுகளைப் பிற்காலத்தார் சுருக்கித் தொகுத்தனர். 1882 முதல் அமெரிக்காவின் டேட்டன் நகர வணிகர் பிலிப் கெம்பர் அதனை 200க்கு மேற்பட்ட மொழிகளில் அச்சிட்டுப் பரப்பினார். ஒன்பது மாதங்கள் தொடர்ந்து முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை வாங்குவோர்க்கு நன்மரணம் கிட்டும் என்னும் ‘பெரிய வாக்குறுதி’ அவர் மடல் ஒன்றில் உள்ளது. அவரைப் புனிதராக அறிவித்த 1920ஆம் ஆண்டுத் திருத்தந்தை மடலிலும் இடம்பெற்றது. ஆனால் அவ்வாக்குறுதியை எழுதுகையில், தாம் தவறாக உணரவில்லையெனில் என்னும் பொருள்பட ஒரு தொடரை அப்புனிதர் சேர்த்திருந்தார். பட்டியலாகச் சுருங்கியபோது அத்தொடர் மறைந்தது. காட்சி கண்டவரிடம் இருந்த தயக்கம் துண்டுத்தாளில் இல்லை.

இவ்வாக்குறுதியைப் பொருள்கொள்வதிலும் ஓர் எல்லை உண்டு. தாம் இறுதிவரை அருளில் நிலைத்திருப்போம் என எவரும் தனிச் சிறப்பு வெளிப்பாடு இன்றி விசுவாச உறுதியுடன் கூற இயலாது எனத் திரெந்து சங்கம் 1547 சனவரி 13 அன்று வரையறுத்தது. எனவே ஒன்பது வெள்ளிக்கிழமைகளை நிறைவு செய்தவர் ‘இனி எவ்வாறு வாழினும் குறையில்லை’ எனக் கருதுவாராயின் வாக்குறுதியின் பொருளையே இழந்தவர் ஆவார். மாதந்தோறும் மனந்திரும்பி நற்கருணை வாங்கும் பழக்கம் ஒருவரை எத்திசையில் செலுத்தும் என்பதே அதன் உட்பொருள். இறைவனின் அன்பில் நம்பிக்கை கொள்ளத் தூண்டும் சொல்லாக அது நிற்கிறது. பெற்றுக்கொண்ட பற்றுச்சீட்டாக அன்று.

இரண்டாவது, புனித பிரிஜித்தாவின் 15 செபங்கள் எனப்படுவன. சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா (1303-1373) காட்சிகள் பல கண்டவர். அவருடைய வெளிப்பாடுகள் தொகுக்கப்பட்டுள்ளன. ஆனால் இப்பதினைந்து செபங்கள் அத்தொகுப்பைச் சார்ந்தவை அல்ல. இங்கிலாந்தில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் தோன்றியவை என ஆய்வாளர் கருதுவர். ஓராண்டுக் காலம் இவற்றை நாள்தோறும் சொல்பவரின் குடும்பத்தைச் சார்ந்த 15 ஆன்மாக்கள் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுபடும், 15 பாவிகள் மனந்திரும்புவர் என்றெல்லாம் முன்னுரைப் பகுதி கூறுகிறது. கிறிஸ்து பெற்ற அடிகள் 5480 என்றும், ஓராண்டுச் செபங்களால் அவை வணங்கப்படும் என்றும் அதில் காணப்படும். 15ஐ 365ஆல் பெருக்கின் 5475 வரும். கூற்றின் எண்ணே பொருந்தவில்லை. 1954 சனவரி 28 அன்று திருஆட்சிப்பீடம் விடுத்த எச்சரிக்கை, இவ்வாக்குறுதிகளின் தெய்விகத் தோற்றம் எவ்வகையிலும் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, அந்நூலை வெளியிடவோ மறுபதிப்புச் செய்யவோ இடமளிக்க வேண்டாம் என ஆயர்களை அறிவுறுத்தியது. அது கண்டித்தது வாக்குறுதிகளை. கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து உருகும் செபங்கள் தம்மளவில் பழுதற்றவை. அவற்றைச் சொல்வோர் வாக்குறுதியை விலக்கிவிட்டுச் சொல்லலாம்.

மூன்றாவது சான்று எதிர்த்திசையில் நின்று நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. போலந்து நாட்டுக் கன்னியர் பவுஸ்தினா (1905-1938) எழுதிய நாட்குறிப்பிலிருந்து பரவிய இறை இரக்க பக்தியை 1959இல் திருஆட்சிப்பீடம் தடைசெய்தது. மூலக் குறிப்புகள் அக்காலத்தில் உரோமைக்கு எட்டவில்லை. அவற்றை முழுமையாக ஆராய்ந்தபின் 1978 ஏப்ரல் 15 அன்று அத்தடை நீக்கப்பட்டது. 2000 ஏப்ரல் 30 அன்று பவுஸ்தினா புனிதராக அறிவிக்கப்பட்டார். உயிர்ப்பின் இரண்டாம் ஞாயிறு இறை இரக்க ஞாயிறு எனப் பெயர் பெற்றது. திருச்சபையின் தீர்ப்பு இத்துறையில் மெதுவாகவும், திருத்தத்துக்கு இடம் வைத்தும் செல்வது என்பதை இது காட்டுகிறது. 1959க்கும் 1978க்கும் இடையில் தடைக்குப் பணிந்திருந்தவர்கள் எதையும் இழந்துவிடவில்லை; இறைவனின் இரக்கம் நற்செய்தியிலேயே இருந்தது.

நூற்பயன் மரபும் வாக்குறுதிப் பட்டியலும்

இவ்வாக்குறுதிப் பட்டியல்கள் தமிழரிடையே எளிதில் வேரூன்றியமைக்கு இலக்கியக் காரணம் ஒன்றும் உண்டு எனக் கருதுகிறோம். நூலை ஓதுவார் பெறும் பயனைக் கூறி முடிப்பது தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் நெடிய மரபு. திருஞானசம்பந்தர் பதிகங்களின் இறுதிப் பாடலான திருக்கடைக்காப்பு, தம் பெயரைப் பொறித்துப் பதிகம் ஓதுவார் பெறும் பேற்றைக் கூறும். ஆண்டாளின் திருப்பாவை முப்பதாம் பாசுரமும் ஓதுவார் பெறும் திருவருளைச் சொல்லியே நிறைவுறும். இம்மரபில் தோய்ந்த செவிக்கு, செபத்தோடு பயன் கூறும் தாள் அயலானதாகத் தோன்றவில்லை.

ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. திருக்கடைக்காப்பு பாடலின் உறுப்பு. பாடியவர் பெயரால் நிற்பது. இறைவன் புகழின் நீட்சி. அதனைக் காலக்கெடு விதித்து, எண்ணிக்கை வகுத்து, பெறாதவழி வழக்குரைக்கத்தக்க ஒப்பந்தமாக எவரும் கொள்வதில்லை. வாக்குறுதித் தாளோ எண்ணிக்கையையும் கால அளவையும் முதன்மைப்படுத்துகிறது. கூற்றை இறைவன் வாயில் வைக்கிறது. ‘தவறாது’ என்னும் சொல்லால் ஐயத்துக்கு இடமின்றிச் செய்கிறது. பயன் கூறும் மரபை நன்கறிந்த தமிழாசிரியரே இவ்வேறுபாட்டை விளக்க வல்லவர்.

பழைய செபப் புத்தகங்களில் காணும் ‘300 நாட் பலன்’ போன்ற குறிப்புகளும் இங்கு விளக்கத்தக்கன. உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்று பலர் இதற்குப் பொருள்கொண்டனர். பண்டைத் திருச்சபையில் 300 நாள் வெளிப்படையான தவம் செய்வதற்கு ஒப்பான பலன் என்பதே அதன் பொருள். இக்குழப்பத்தைக் களையத் திருத்தந்தை 6ஆம் பவுல் 1967 சனவரி 1 அன்று நாள், ஆண்டுக் கணக்கை அறவே நீக்கி, பரிபூரண பலன், பகுதிப் பலன் என்னும் இருவகையை மட்டும் நிறுத்தினார். இதன்பின் நாட்கணக்குடன் அச்சாகும் எந்தத் தாளும் பழையதன் மறுபதிப்பாகவோ ஆதாரமற்றதாகவோதான் இருத்தல் கூடும்.

அந்தோணியார் பக்தியும் சங்கிலிச் செபமும்

நிபோங் திபாலின் பாதுகாவலரான புனித அந்தோணியார் 1231 சூன் 13 அன்று இறந்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே 30 அன்று, புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் அடக்கம் செய்யப்பட்ட நாள் செவ்வாய்க்கிழமை என்பதால் அக்கிழமை அவருக்குரியதாயிற்று. 1617இல் பொலோஞா நகரத்துப் பெண்மணி ஒருவருக்கு அவர் தோன்றி, ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் தம் ஆலயத்தைச் சந்திக்கச் சொன்னார் என்பது மரபு. பின்னர் அவ்வெண்ணிக்கை பதின்மூன்று ஆயிற்று. ஆக, தமிழகத்தின் உவரியிலும் மலேசியத் தமிழரிடையேயும் வழங்கும் செவ்வாய்க்கிழமை பக்திக்குப் பின்னும் ஒரு தனி வெளிப்பாட்டு மரபு உள்ளது. அக்காட்சி நிகழ்ந்ததா என்பது பற்றித் தீர்ப்பு எதுவும் தேவைப்படாமலே அப்பக்தி வாழ்கிறது. ஏனெனில் அங்கு நிகழ்வது திருப்பலியும், செபமும், ஏழைக்கு அப்பம் ஈதலும்.

இதற்கு முற்றிலும் மாறானது சங்கிலிச் செபம். பெற்றவர் இத்தனை படி எடுத்து இத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பியவர் செல்வம் பெற்றார், அனுப்பாதவர் பிள்ளையை இழந்தார் என்னும் வகையில் அமைவது அது. அந்தோணியார் பெயராலும் யூதா ததேயு பெயராலும் இவை உலாவுகின்றன. இங்கு வாக்குறுதியோடு அச்சுறுத்தலும் சேர்ந்துவிடுகிறது. நோயுற்ற குழந்தையின் தாய் ஒருவர் இத்தகைய தாளைப் பெற்று, படியெடுக்கத் தவறிய பின் குழந்தைக்கு ஏதேனும் நேருமாயின், வாழ்நாள் முழுதும் தம்மையே நொந்துகொள்வார். சிந்தையைப் புண்படுத்தும் இக்கொடுமையை வெறும் அறியாமை எனக் கடந்துவிடுதல் தகாது. மறைக்கல்வியின் 2111ஆம் எண், செபத்தின் ஆற்றலை உள்ளத்தின் நிலையைக் கருதாமல் புறச் செயலுக்கே உரித்தாக்குவது மூடநம்பிக்கையில் வீழ்தல் எனக் கூறுகிறது. மிகுதியான சொற்களால் தம் வேண்டுதல் கேட்கப்படும் என எண்ணுவோரைக் குறித்து மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தரும் எச்சரிக்கையும் இதனோடு இயைவது. இத்தகைய தாளைக் கிழித்தெறிவதால் பாவமோ தீங்கோ இல்லை என்பதை அருட்பணியாளரும் ஆசிரியரும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

நேர்ச்சையை இதனோடு ஒன்றாகக் கருதிவிடலாகாது. நேர்ச்சை என்பது மனிதர் இறைவனுக்குத் தாமே மனமுவந்து தரும் வாக்கு. சங்கிலிச் செபமோ அறியாத ஒருவர் மற்றவர்மேல் சுமத்தும் கட்டளை. தமிழ்ப் பக்தியின் வளமான கூறான நேர்த்திக்கடனைக் காக்க வேண்டுமாயின், அதனை இத்தகைய வணிகத்திலிருந்து பிரித்தறிதல் இன்றியமையாதது.

மதிப்பிடும் நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து, ஒரு செபத்தாளையோ காட்சிச் செய்தியையோ மதிப்பிடுவதற்குரிய வினாக்களைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அது கூறுவது விவிலியத்தோடும் திருச்சபைப் போதனையோடும் ஒத்துள்ளதா? எத்தகைய அற்புதமும் இதில் நேரும் முரணை ஈடுசெய்யாது.

இரண்டாவது, அச்சிட ஆயரின் இசைவு உண்டா? பழந்தமிழ் நூல்களில் ‘மேற்றிராணியார் உத்தரவுடன்’ எனக் காண்பது இதுவே. காட்சிச் செய்திகளை வெளியிடும் நூல்கள் பலவற்றில், 1966 அக்டோபர் 14ஆம் நாள் ஆணையால் இசைவு தேவையில்லாமல் போயிற்று என ஓர் அறிவிப்பு காணப்படும். அவ்வாணை பழைய சட்டத் தொகுப்பின் இரு விதிகளை நீக்கியது உண்மை. ஆயின் விசுவாசத்துக்குத் தீங்கான நூலைப் பரப்பலாகாது என்னும் அறநெறியை அது நீக்கவில்லை என்பதை உரோமை 1996இல் தெளிவுபடுத்தியது. மேலும், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 826ஆம் விதி, பொதுவிலோ தனியாகவோ பயன்படும் செபநூல்களுக்கு ஆயரின் இசைவு வேண்டும் எனத் தெளிவாகக் கூறுகிறது. அவ்விசைவும் நூலில் விசுவாசத்துக்கு முரணானது இல்லை என்னும் அளவிலேயே சான்று பகரும். உள்ளே கூறப்படும் காட்சி உண்மை என்பதற்கு அது சான்றாகாது.

மூன்றாவது, கூற்று யாருடையது? காட்சி கண்டவரின் சொந்த எழுத்தா, பிறர் தொகுத்ததா, பெயரே இல்லாததா? மூல நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பாடவேறுபாடு ஆராயும் தமிழறிஞர்க்குப் புதிதன்று.

நான்காவது, அது எதனை விளைவிக்கிறது? மனமாற்றம், திருவருட்சாதனம், பிறரன்பு ஆகியவற்றை நோக்கிச் செலுத்துகிறதா, அன்றி அச்சம், எண்ணிக்கை, பணம் ஆகியவற்றை நோக்கிச் செலுத்துகிறதா?

ஐந்தாவது, வாக்குறுதியை நீக்கிவிட்டாலும் அச்செபத்தை நாம் சொல்ல விரும்புவோமா? ஆம் எனில் அச்செபம் நமக்கு உரியது. இல்லை எனில் நாம் விரும்பியது செபத்தை அன்று.

முடிவுரை

இருவகை மிகைகள் தவிர்க்கத்தக்கன. வரும் செய்தி அனைத்தையும் இறைவாக்கெனக் கொள்ளுதல் ஒன்று. பக்தி மரபு அனைத்தையும் பேதைமை எனத் தள்ளுதல் மற்றொன்று. தூய ஆவியாரின் செயல்பாட்டைத் தடுக்க வேண்டாம், இறைவாக்குகளைப் புறக்கணிக்க வேண்டாம், ஆயினும் அனைத்தையும் சீர்தூக்கி நல்லதைப் பற்றிக்கொள்க எனப் பவுலடிகள் தெசலோனிக்கர்க்கு எழுதிய முதல் மடலின் இறுதியில் அறிவுறுத்துவது இவ்விரு மிகைகளுக்கும் இடையிலான நெறி. தம் மகனில் இறைவன் அனைத்தையும் பேசிவிட்டதால் மேலும் காட்சி வேண்டி நிற்பது பொருந்தாது எனக் ‘கார்மேல் மலையேற்றம்’ என்னும் நூலில் எழுதிய சிலுவையின் புனித யோவான் தாமே பெரும் ஞானியாக வாழ்ந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

தமிழ்க் கத்தோலிக்கப் பக்தி இலக்கியம் என்னும் பெயரில் செபநூல்களும், நவநாள் ஏடுகளும், துண்டுத்தாள்களும் மிகப் பலவாக வெளிவந்துள்ளன. தோட்டப்புற மக்கள் வாழ்வில் அவை காப்பியங்களைவிட மிகுதியாகப் பயின்றவை. எனினும் நூலகங்களில் அவை பேணப்படுவது அரிது. நிபோங் திபால், பாகான் செராய், புக்கிட் மெர்தாஜாம் ஆகிய ஊர்களின் பழைய குடும்பங்களில் எஞ்சியுள்ள இவ்வேடுகளைத் திரட்டி, அச்சிட்ட இடம், ஆண்டு, இசைவுக் குறிப்பு, மூலம் ஆகியவற்றைப் பதிவு செய்வது மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பணியாகும். எது விசுவாசம், எது மரபு, எது தனிமனிதர் கண்ட காட்சி, எது அச்சகத்தார் சேர்த்த வரி என்பது அவ்வாறு தெளிவுபடும்போது, மக்களின் செபம் அச்சத்திலிருந்து விடுபட்டு அதன் இயல்பான உரிமையைப் பெறும்.